தென்னந்தோப்பில் ஜாதிக்காய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனைமலை, கோட்டூர், வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்து மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று தென்னை இருக்கிற ஊர்களில் இப்போது ஊடுபயிர் என்றால் ஜாதிக்காய்ப் பேச்சுத்தான். கேட்கப்படுபவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

எங்கள் தோப்பில் ஜாதிக்காய் வருமா?

மண்ணை அப்புறம் பார்க்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கிணற்றிலோ போரிலோ தண்ணீர் நிற்குமா என்பதை முதலில் பாருங்கள். ஜாதிக்காய் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளிலிருந்து வந்த மரம். ஆண்டுக்கு 1500 மி.மீ.க்குக் குறையாத மழை, ஈரக்காற்று, நிழல் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். ஆனைமலைச் சமவெளியில் அவ்வளவு மழை பெய்வதில்லை. இங்கே அது பிழைப்பது தென்னை நிழலாலும் பாசனத்தாலும்தான். ஆழியாற்றுப் பழைய ஆயக்கட்டில் இருப்பவர்களுக்குக் கவலை குறைவு. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலில் மண்டலம் மண்டலமாக முறைவைத்து விடும் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்கள் இந்த மரத்தை வைக்காமல் இருப்பதே நல்லது. தென்னை ஒரு கோடையைத் தாங்கிவிடும், ஜாதி தாங்காது.

அடுத்தது வடிகால். வண்டல் கலந்த செம்மண், மணற்பாங்கான குறுமண் எல்லாம் ஏற்றவை. 75 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுத்து, மாலையில் நீர் நிரப்பி விடுங்கள். காலையில் குழியில் நீர் நின்றால் அந்த இடம் ஆகாது. நீர் தேங்கினால் வேர் மூச்சு முட்டும், இலை மஞ்சளாகிக் கொட்டும், மரமும் போகும். 2018 வெள்ளத்தில் பெரியாறு, சாலக்குடி ஆற்றங்கரைகளில் காய்த்துக்கொண்டிருந்த ஜாதி மரங்கள் பட்டுப்போனது இப்படித்தான்.

தென்னைக்கு என்ன வயது இருக்க வேண்டும்? ஏக்கருக்கு எத்தனை கன்று?

பத்து வயதுக்குக் கீழே உள்ள தென்னையில் மட்டை தாழ்வாக விரிந்து வெளிச்சத்தை அடைத்துக்கொள்ளும். பதினைந்து வயதுக்கு மேல் தலை உயர்ந்து, சல்லடை நிழல் கீழே விழும். அதுதான் ஜாதிக்கு ஏற்ற வெளிச்சம்.

25 அடிக்கு 25 அடி வைத்த தோப்பில், நான்கு தென்னைக்கு நடுவே ஒரு ஜாதி என்று எல்லாச் சதுரத்திலும் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 கன்று வரும். பத்து ஆண்டு வரை பார்க்க அழகாக இருக்கும். அதன்பின் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, உள்கிளைகள் காய்ப்பதை நிறுத்தும். காற்றோட்டம் இல்லாத தோப்பில் காயழுகலும் கூடும். ஒரு சதுரம் விட்டு ஒரு சதுரத்தில் 35 கன்று நட்டு, மீதியில் வாழையோ கோகோவோ வைப்பதே எங்கள் பரிந்துரை. கோகோ வைத்தால் அதை உயரவிடாமல் கவாத்து செய்துகொண்டே இருக்க வேண்டும். 22 அடிக்கும் குறைவான நெருக்கத்தில் உள்ள தோப்பில் ஜாதியே வேண்டாம்.

விதைக்கன்று வைக்கலாமா, ஒட்டுக்கன்றுதான் வேண்டுமா?

பப்பாளியைப் போல ஜாதியிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய் பெண் மரத்தில் மட்டுமே. விதையிலிருந்து வளர்த்தால் ஏறக்குறையப் பாதி ஆணாகப் போகும். அது ஆணா பெண்ணா என்று தெரிய ஆறு முதல் எட்டு ஆண்டு ஆகும். இலையின் வடிவம், கிளையின் சாய்வு, விதையின் குமிழ் என்று ஆளுக்கொரு கைராசிக் கணக்குச் சொல்வார்கள். எதையும் நம்பிப் பணம் போடாதீர்கள். 35 விதைக்கன்று வைத்தவர் எட்டாவது ஆண்டில் 17, 18 மரத்தோடுதான் மிஞ்சுவார். அந்தப் பெண் மரங்களிலும் காயின் அளவு, பத்திரியின் (கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்பு வலைபோன்ற உறை) கனம் மரத்துக்கு மரம் மாறும்.

நன்றாகக் காய்க்கும் பெண் மரத்துக் குச்சியை ஒட்டிய கன்றானால் பாலினம் உறுதி, காயும் தாய் மரத்தைப் போலவே இருக்கும், நான்காம் ஐந்தாம் ஆண்டில் பூ வந்துவிடும். கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட விஸ்வஸ்ரீ, கேரளஸ்ரீ ரகங்கள் இந்தப் பக்கத்துக்கு அருகில் கிடைப்பவை. திருச்சூர், எர்ணாகுளம் மாவட்ட விவசாயிகள் தங்கள் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகங்களும் இங்கே நிறைய வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ரகமானால், முடிந்தவரை ஒரு ஜூலை மாதத்தில் போய்த் தாய் மரத்தைக் காயோடு பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விதைக்கன்றே வேண்டும் என்பவர்களுக்கும், சொந்தமாக ஒட்டுக்கட்ட வேர்க்கன்று (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் விதைக்கன்று) தேவைப்படுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. இந்த விதை காய்ந்தால் செத்துவிடும். மரத்திலேயே வெடித்த காயிலிருந்து எடுத்த பெரிய கொட்டையில் பத்திரியை உரித்துவிட்டு, அன்றோ மறுநாளோ மணற்பாத்தியில் இரண்டு முதல் ஐந்து செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். உடனே முடியாவிட்டால் ஈரத் தென்னைநார்க் கழிவில் மூடி வையுங்கள். முளைக்க 40 முதல் 90 நாள் ஆகும். நடுவில் கிளறிப் பார்க்காதீர்கள். கடையில் வாங்கிய உலர்ந்த ஜாதிக்காய் முளைக்காது.

ஒட்டுக்கன்று வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஒட்டு உண்மையா என்று பாருங்கள். முளைக்குருத்து ஒட்டில், அரை செ.மீ. கனமுள்ள இளங்கன்றின் தண்டைப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகிக் கட்டியிருப்பார்கள். ஓராண்டுக் கன்றிலும் அந்த ‘வி’ வடிவத் தழும்பு தெளிவாகத் தெரியும். சும்மா ஒரு கீறலும் நெகிழித் தாளும் சுற்றி விதைக்கன்றை ஒட்டு விலைக்கு விற்பவர்கள் உண்டு. தாளை அவிழ்த்துப் பார்க்கவிடாத இடத்தில் வாங்காதீர்கள்.

இரண்டாவது, குச்சி எந்தக் கிளையிலிருந்து எடுத்தது. பலருக்கும் தெரியாமல் போவது இதுதான். ஜாதி மரத்தில் நேராக மேலே போகும் தண்டும், பக்கவாட்டில் படரும் கிளையும் தனித்தனிக் குணம் உள்ளவை. பக்கக் கிளைக் குச்சியை ஒட்டினால், கன்று ஆயுள் முழுக்கப் பக்கக் கிளையாகவே வளரும்: புதர்போல, ஒருபக்கம் சாய்ந்து, தரையில் படர்ந்து. சீக்கிரம் காய்க்கும், காயைத் தரையில் நின்றே பறிக்கலாம் என்று அதைப் புகழ்ந்து விற்கிறார்கள். சீக்கிரம் காய்ப்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் முட்டுக்கொடுக்க வேண்டும், அடியில் ஆள் நுழைய முடியாது, தென்னைக்கு உரம் வைக்க முடியாது. நிமிர்ந்த தண்டிலிருந்து எடுத்த குச்சியானால் நடுத்தண்டு நேராக எழும்பி, நாலாபுறமும் அடுக்கடுக்காகக் கிளை விடும். ஒரு மரத்தில் நிமிர்ந்த குச்சி குறைவாகவே கிடைக்கும் என்பதால் விலை கூடும். அந்த விலையைக் கொடுங்கள்.

ஒட்டுக்குக் கீழே தளிர் விட்டிருந்தால் அது வேர்க்கன்றின் தளிர், கிள்ளிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒட்டு செத்து, கீழிருந்து வந்தது மரமாகிவிடும்.

ஆண் மரம் எத்தனை வேண்டும்? பூவில் எப்படி அடையாளம் காண்பது?

பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். காற்றடிக்கும் பக்கத்திலும் தோட்டத்தின் நடுவிலும் பரவலாக வையுங்கள். மகரந்தத்தைக் கொண்டுபோவது பெரும்பாலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு வண்டுகள். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளித்தால் அவைதான் முதலில் சாகும். இடம் வீணாக வேண்டாம் என்பவர்கள் ஒரு பெண் மரத்தின் மேல்கிளை ஒன்றில் ஆண் குச்சியை ஒட்டிவிடலாம்.

இரண்டு பூவும் வெளிர்மஞ்சள், மணம் உள்ளவை, குடுவை வடிவம். ஆண் பூ கொத்தாக வரும், ஒல்லியாக உருளைபோல இருக்கும். பெண் பூ தனியாகவோ இரண்டு மூன்றாகவோ வரும், அடி பருத்திருக்கும். ஒரு பூவைப் பிளந்தால் சந்தேகமே இருக்காது. நடுவில் மகரந்தம் ஒட்டிய ஒரு தூண் இருந்தால் ஆண், குண்டான சூல்பை இருந்தால் பெண். இரண்டு வகைப் பூவும் பூக்கிற மரங்கள் அரிதாக உண்டு. மகாராஷ்டிரத்துத் தாபோலி வேளாண் பல்கலைக்கழகத்தின் கொங்கண் சன்யுக்தா ரகம் அப்படிப்பட்டது.

எட்டு வருடம் வளர்த்த மரங்கள் ஆணாகிவிட்டன. வெட்டிவிடலாமா?

வெட்ட வேண்டாம். வேர் ஊன்றி நிற்கிற மரம் அது. மேலே பெண்ணாக மாற்றிக்கொள்ளலாம். மழை தொடங்கும்போது நடுத்தண்டைத் துண்டித்து, ஒருபக்கத்து அடிக்கிளைகள் சிலவற்றை மட்டும் விட்டுவையுங்கள். எல்லாவற்றையும் மொட்டையடித்தால் மரம் தாங்காமல் போகலாம்; அந்தக் கிளைகள்தான் வேருக்குச் சோறு. வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூசணக்கொல்லி, அளவு கீழே) பூசுங்கள். சில மாதத்தில் தண்டிலிருந்து நிமிர்ந்த தளிர்கள் வரும். வலுவான மூன்று நான்கை விட்டு மீதியைக் கழித்து, அவை பென்சில் கனம் வந்ததும் பெண் மரத்து மொட்டையோ குச்சியையோ ஒட்ட வேண்டும். ஒட்டு பிடித்து நன்றாகத் தழைத்த பிறகு, விட்டுவைத்த ஆண் கிளைகளை நீக்கலாம். பழகிய கையுள்ள ஆளை வைத்துச் செய்யுங்கள். ஜாதியில் ஒட்டு பிடிப்பது மாவைப்போல எளிதல்ல. மரம் வயதாக ஆக இது கடினமாகும்.

எப்போது, எப்படி நடுவது?

தென்மேற்குப் பருவமழை தொடங்கியபின், ஜூனில். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதே மாதங்களில்தான் இங்கே அடித்து நொறுக்கும். தோப்பின் மேற்கு ஓரத்தில் காற்றுத்தடுப்பு இல்லாதவர்கள் காற்று ஓய்ந்தபின் அக்டோபரில் நடலாம். அப்போது நட்டால் முதல் கோடைக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும்.

75 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் குழி. மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி, 10 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே குழியை நிரப்பி விடுங்கள். மண் அமர்ந்த பிறகு நட்டால்தான் கன்று உள்ளே இறங்காது. ஒட்டுவாய் தரைமட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். பையைக் கிழிக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது. இரண்டு பக்கமும் மூங்கில் நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். முதல் இரண்டு கோடைக்குக் கன்றைச் சுற்றித் தென்னமட்டை ஊன்றி நிழல் கொடுக்க வேண்டும், தென்னை நிழல் இருந்தாலும். நடுப்பகல் வெயில் இரண்டு மட்டைக்கு நடுவே நேராக இறங்குகிற இடத்தில்தான் கன்று கருகும்.

தண்ணீரும் மூடாக்கும்?

உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும். ஆகவே மரத்தடியில் உழவு, ரோட்டவேட்டர், ஆழக்கொத்து எதுவும் கூடாது. தென்னமட்டை, மட்டை உரி, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் கிளைவிரிப்பின் அகலத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி ஓரடி மட்டும் விட்டுவிடுங்கள். மூடாக்கை விலக்கி மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. சொட்டுநீரில் வளர்ந்த மரத்துக்கு ஒரே சொட்டுவாய் வைப்பது வீண். கிளைவிரிப்பின் பாதித் தொலைவில் வட்டமாக நான்கு முதல் ஆறு சொட்டுவாய் வேண்டும். சிறுதூவான் இருந்தால் இன்னும் நல்லது, காற்றும் குளிரும்.

உரம் எவ்வளவு?

கேரளப் பரிந்துரை முதலாண்டுக் கன்றுக்கு 20 கிராம் தழைச்சத்து, 18 கிராம் மணிச்சத்து, 50 கிராம் சாம்பல்சத்து. கடையில் வாங்கும் உரமாகச் சொன்னால் யூரியா 43 கிராம், சூப்பர் பாஸ்பேட் 112 கிராம், பொட்டாஷ் 83 கிராம். இரண்டாம் ஆண்டு இரட்டிப்பு. பிறகு படிப்படியாக ஏற்றி, பதினைந்து வயதில் 500 : 250 : 1000 கிராம். அதாவது யூரியா 1.1 கிலோ, சூப்பர் 1.5 கிலோவுக்குச் சற்று மேல், பொட்டாஷ் 1.7 கிலோ. கூடவே தொழுவுரம் 10 கிலோவில் தொடங்கி 50 கிலோ வரை. உரத்தை மே–ஜூனிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் பாதி பாதியாக, ஈரம் இருக்கும்போது, மூடாக்கை ஒதுக்கி மேலாகத் தூவி மூடுங்கள்.

சாம்பல்சத்து தழைச்சத்தைப்போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். தென்னைக்கு வைத்ததையே ஜாதியும் எடுத்துக்கொள்ளும் என்று விடுகிற தோப்புகளில் தென்னையும் மெலிகிறது, ஜாதியும் மெலிகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

பூ நிறைய வருகிறது, பிஞ்சு நிற்கவில்லை. சில காய் முற்றாமலே வெடிக்கிறது. ஏன்?

பூவிலிருந்து அறுவடை வரை சுமார் ஒன்பது மாதம். ஜூன்–ஆகஸ்டில் பறிக்கும் காய், முந்தைய ஆண்டு கடைசியில் பூத்தது. இடையில் முழுக் கோடையையும் அது மரத்திலேயே கடக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை வறண்டால் மரம் பிஞ்சை உதறும். பிஞ்சே கட்டாமல் பூவாகவே உதிர்ந்தால் ஆண் மரம் போதவில்லை, அல்லது வண்டு இல்லை.

முற்றாமல் வெடிப்பதற்குப் பொதுவான காரணம், காய்ந்து கிடந்த மரத்துக்குத் திடீரென்று நிறைய நீர் கிடைப்பது. கோடைமழை பெய்த மறுவாரம் பாருங்கள், வெடித்த பச்சைக்காய் கீழே கிடக்கும். போரான் குறைந்தாலும் வெடிக்கும். ஆனால் மண் பரிசோதனை இல்லாமல் போராக்ஸை அள்ளிப் போடாதீர்கள். போதாமைக்கும் நஞ்சாவதற்கும் இடையே உள்ள தூரம் அந்தச் சத்தில் மிகக் குறைவு.

இலை மேல் கரிபூசியது போல் படிகிறது. ஜாதிக்கு வந்த நோயா?

பெரும்பாலும் தென்னையிலிருந்து இறங்குவது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னை ஓலையின் அடியில் இருந்து சாறு உறிஞ்சித் தேன்போன்ற கழிவைச் சொட்டும். அது கீழே ஜாதி இலையில் விழுந்து, அதன்மேல் கரும்பூசணம் வளரும். பூசணம் இலையைத் தின்பதில்லை, வெளிச்சத்தை மறைக்கும். ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் வெயில் நாளில் தெளித்தால் படலம் காய்ந்து ஏடாக உரிந்துவிடும். தென்னையில் விசைத் தெளிப்பானால் நீரைப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுத்தாள் கட்டுங்கள், என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியை விடுங்கள். இரசாயன மருந்து அடித்தால் குளவியும் போகும், ஜாதிப் பூவின் வண்டும் போகும். ஈ மட்டும் திரும்ப வரும்.

வேர்வாடல் தாக்கிய தென்னைகளை வெட்டினோம். இப்போது ஜாதி இலை கருகுகிறது.

பத்து ஆண்டு நிழலில் இருந்த மரத்தை ஒரே நாளில் வெயிலில் நிறுத்தினால் இலை கருகும், மேற்குப்பக்கத்துப் பட்டை வெடிக்கும், அந்த வெடிப்பு வழியே நுனிக்கருகல் பூசணம் நுழையும். ஆனைமலைப் பக்கம் வேர்வாடல் பரவுகிற இந்தக் காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. நோயுற்ற தென்னையை அகற்றத்தான் வேண்டும். ஆனால் முடிந்தால் மழைக்கால முகப்பில் அகற்றுங்கள், கோடையில் வேண்டாம். வெட்டப்போகும் மரங்களை ஓராண்டு முன்பே குறித்துக்கொண்டு, ஜாதிக்குத் தெற்கிலும் மேற்கிலும் வாழையும் கிளைரிசிடியாவும் நட்டு எழுப்பிவிடுங்கள். ஏற்கெனவே வெட்டியாயிற்று என்றால் தண்டுக்கும் தடித்த கிளைகளுக்கும் சுண்ணாம்புப் பால் பூசி, பாசனத்தைக் கூட்டி, பட்ட நுனிகளை உயிருள்ள பகுதி வரை வெட்டிப் போர்டோ பசை தடவுங்கள். நன்றாக வளர்ந்து தண்டு நிழலைத் தானே கொடுக்கிற மரம் மெல்லத் தேறும். நாலைந்து வயதுக் கன்றுக்குப் பந்தல் நிழல் இல்லாமல் முடியாது.

காயழுகல், இலைநூல் கருகல் ஆகியவற்றுக்கு என்ன செய்வது?

காம்படியில் நீர்கோத்த கரும்புள்ளி தோன்றி, காய் முழுக்கப் பரவி, உள்ளே பத்திரியும் அழுகி நாறினால் காயழுகல். இலையின் அடியில் வெள்ளை நூல் விசிறிபோலப் படர்ந்து, காய்ந்த இலை கீழே விழாமல் நூலில் தொங்கினால் நூல் கருகல். குதிரைமயிர் போலக் கறுப்பாகப் படர்வதும் உண்டு. இரண்டுக்கும் அடைமழையும் அடர்நிழலும்தான் தூண்டுகோல். தொங்கும் இலைகளையும் அழுகிய காய்களையும் எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே எரித்துவிட்டு, பின்பு ஒரு சதப் போர்டோ கலவை தெளியுங்கள். மே கடைசியில் காய் பாதி முற்றிய நிலையில் ஒன்று, மழை விட்ட இடைவெளியில் ஒன்று.

கலவை: மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் நீரில் பிளாஸ்டிக் டிரம்மில் கரையுங்கள். நீறாத சுண்ணாம்பு 1 கிலோவை நீற்றி இன்னொரு 50 லிட்டரில் கரைத்து வடிகட்டுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்து தெளிப்பான் அடைக்கும். பளபளப்பான இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கிப் பாருங்கள். செம்புநிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இலை கருகும். இன்னும் சுண்ணாம்புநீர் சேருங்கள். அன்றன்றே அடித்துவிட வேண்டும். பசைக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் நீர்.

எப்போது பறிப்பது?

காய் மஞ்சளாகி, நடுக்கோட்டில் தானே பிளந்து, உள்ளே சிவந்த பத்திரி தெரியும்போது. பிளக்காத காயைப் பறித்து உடைத்தால் பத்திரி வெளிறி, உலர்ந்தபின் நொறுங்கும். தாமதித்தால் கொட்டை கீழே விழும். மழைக்காலத்தில் ஈரத்தரையில் ஓர் இரவு கிடந்த கொட்டையில் பூசணம் தொற்றத் தொடங்கிவிடும். வெளியில் தெரியாத அந்தப் பூசணம்தான் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு வித்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஜாதிக்காய்க்கு மொத்த அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான் எல்லை. மீறினால் சரக்கு திரும்பும்.

ஆகவே உச்சப் பருவத்தில் நாள்தோறும் காலையில் ஒரு சுற்று. மரத்தடியில் வலை விரித்தால் வேலை பாதி குறையும். கீழே பொறுக்கியதையும் மரத்தில் பறித்ததையும் ஒரே சாக்கில் போடாதீர்கள்.

பத்திரியை நிறம் மங்காமல் உலர்த்துவது எப்படி?

எடையில் கொஞ்சம்தான், விலையில் கொட்டையைப்போலப் பல மடங்கு. தோட்டத்தில் கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இது போதும்.

காம்படியிலிருந்து விரலால் நெகிழ்த்தி, கிழியாமல் முழுதாக உரியுங்கள். முழுப் பத்திரியைக் கேரள வியாபாரிகள் ஃபிளவர் என்று தனி விலைக்கு எடுப்பார்கள். துண்டு விலை இறங்கும். உரித்ததை 75 டிகிரி சூட்டு நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்தால் சிவப்பு நிறம் நிலைக்கும். கொதிநீர் அல்ல, வெப்பமானி வைத்துக்கொள்ளுங்கள். நீரை வடித்து, உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, டிரையரில் 50 முதல் 55 டிகிரியில் உலர்த்துங்கள். வெயிலானால் சுத்தமான வலைத்தட்டில். மாலை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். விரலால் மடித்தால் வளையாமல் முறிய வேண்டும். புகையடுப்பின்மேல் காயவைத்தால் நிறமும் போகும், புகைநாற்றமும் ஏறும். உலர்ந்ததை வெளிச்சம் படாத காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். கண்ணாடி ஜாடியில் வைத்த பத்திரி சில மாதத்தில் வைக்கோல் நிறமாகிவிடும்.

கொட்டையைக் கொப்பரை உலர்த்தும் சோலார் கூடத்தில் போடலாமா?

போடலாம், ஆனால் நடுப்பகல் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாதிப்பருப்பில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. 45 டிகிரியைத் தாண்டினால் அது உருகிக் கசிந்து, பருப்பு கறுத்துச் சிக்குவாடை எடுக்கும், மணமும் பறக்கும். மார்ச் மாதத்துச் சோலார் கூடம் அதைவிட எளிதாக ஏறிவிடும். கதவையும் காற்றுப்போக்கியையும் திறந்துவைத்து, கீழ்த்தட்டில் பரப்புங்கள். கொப்பரையில் பூசணம் பிடித்த தட்டுகளைக் கழுவிக் காயவைக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

தோட்டோடு உலர்த்தி, நாளுக்கு ஒருமுறை புரட்டினால் வெயிலில் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும். மழை நாளில் டிரையர்தான் வழி. குலுக்கினால் உள்ளே பருப்பு கடகடவென்று ஆட வேண்டும். ஈரம் 10 சதத்துக்குள் வந்திருக்கும். தோட்டை உடைக்காமல் சேமியுங்கள். உடைத்த பருப்பை வண்டு விரைவில் துளைக்கும். விற்பதற்கு முன் உடைத்தால் போதும். அதுவும் மரச்சுத்தியால் நுனியில் மெல்லத் தட்டி.

ஒரு மரத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?

நன்கு வளர்ந்த மரம் ஆண்டுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் காய் தரும். விஸ்வஸ்ரீயில் எட்டாம் ஆண்டில் ஆயிரம் காய் என்பது வெளியீட்டுக் கணக்கு. ஹெக்டேருக்கு 360 மரத்தில் தோட்டோடு உலர்ந்த கொட்டை 3122 கிலோ, பத்திரி 480 கிலோ என்று அதை விரித்திருக்கிறார்கள். மரத்துக்குச் சுமார் 8.7 கிலோ கொட்டையும் 1.3 கிலோ பத்திரியும். அது தனிப்பயிர்க் கணக்கு. தென்னை ஊடே ஏக்கருக்கு 35 மரம் வைத்தவர் அந்த ஹெக்டேர்க் கணக்கை வைத்து வங்கியில் கடன் கேட்கக் கூடாது. நூறு கிலோ ஈரக்கொட்டை உலர்ந்தால் 70 கிலோ, ஈரப்பத்திரி 35 கிலோ ஆகும் என்பதும் அந்த ரகத்துக்குச் சொல்லப்படுகிற அளவு.

சதைத்தோலை என்ன செய்வது?

காயின் எடையில் பெரும்பங்கு அதுதான், பெரும்பாலும் தோப்பிலேயே அழுகுகிறது. அப்படியே விட்டால் பூசண விதை பெருகும். குழியில் போட்டு மக்கவையுங்கள். கேரளத்தில் ஊறுகாய், ஜாம், சாறு எல்லாம் போடுகிறார்கள். துவர்ப்பைப் போக்குவதுதான் அதில் வேலை. மேல்தோலைச் சீவி, மெல்லிய துண்டாக்கி, உப்புநீரில் ஓர் இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் ஒரு கொதி விட்டு வடித்தால் மாங்காயைப்போல ஊறுகாய்க்குத் தயார். அறுத்த துண்டு காற்றில் கறுக்கும் என்பதால் வெட்ட வெட்ட நீரில் போட்டுவிடுங்கள்.

காட்டு ஜாதிக்காயும் இதுவும் ஒன்றா?

இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் தானே வளரும் காட்டு ஜாதி வேறு இனம். செங்கோட்டையைத் தாண்டிக் குளத்துப்புழை, அஞ்சல் பக்கம் உள்ள ஜாதிச் சதுப்புக்காடுகள் அதன் உறவினங்களால் ஆனவை. காக்கப்பட வேண்டிய காடுகள், அங்கே எதையும் சேகரிக்கக் கூடாது. காட்டு ஜாதியின் கொட்டை நீண்டிருக்கும், மணம் இராது. அதன் பத்திரி ராம்பத்ரி என்ற பெயரில் சந்தையில் உண்டு. நல்ல பத்திரியில் கலக்கப்படுவதும் அதுதான். கருஞ்சிவப்பாக, மெல்லிய இழையாக இருக்கும். கசக்கி முகர்ந்தால் ஒன்றுமே வராது. வாங்குகிற வியாபாரி உங்கள் பத்திரியைக் கசக்கிப் பார்ப்பது இதற்காகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் காட்டு இனங்களை வேர்க்கன்றாக வைத்து ஒட்டுக் கட்டுவது உண்டு. ஈரத்தைத் தாங்கும் என்பதால் சிலர் விரும்புவார்கள். எங்கள் பக்க வறண்ட தோப்புக்குத் தோட்டத்து ஜாதியின் சொந்த வேரே போதும்.

வீட்டில் எவ்வளவு பயன்படுத்தலாம்? குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கலாமா?

பிரியாணிக்கும் மசாலாப் பொடிக்கும் ஒரு சிட்டிகை. பொடித்து வைக்காமல் தேவைப்படும்போது துருவுவதே நல்லது. மிரிஸ்டிசின் என்ற பொருள் இதில் உண்டு. ஒரே வேளையில் ஐந்து கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு முழுப் பருப்பு உள்ளே போனால் குமட்டல், படபடப்பு, மயக்கம், மனக்குழப்பம் வரை போகும். தூக்கம் வரும் என்று பாலில் தாராளமாகக் கலக்குபவர்கள் இதை நினைவில் கொள்ளுங்கள். வசம்பு, மாசிக்காய், கடுக்காயோடு உரைத்துப் பச்சிளங்குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் இரு மாநிலத்திலும் உண்டு. அளவு கையில் அடங்காத விஷயம் அது. குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குச் சமையல் அளவைத் தாண்டி வேண்டாம்.

எந்த நிலையில் விற்பது லாபம்?

ஈரக்காயாக விற்காதீர்கள், அவ்வளவுதான். டிரையர் இல்லாத சிறு தோப்புக்காரர் பத்திரியை மட்டுமாவது தானே உலர்த்தலாம். நாளுக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் வராது, ஒரு சிறிய மின்டிரையர் போதும். கொட்டையைத் தோட்டோடு உலர்த்திச் சேர்த்துவைத்து, பருவம் முடிந்து வரத்து குறைந்தபின் கொடுக்கலாம். ஈரம் 10 சதத்துக்குள் இருந்தால் காத்திருக்கலாம், அதற்குமேல் இருந்தால் அடுத்த நடையிலேயே தள்ளிவிடுங்கள். காலடி, கொச்சிச் சந்தை விலையைப் போனில் விசாரித்துவிட்டு உள்ளூர் வியாபாரியிடம் பேசுங்கள். முழுப் பத்திரி, துண்டுப் பத்திரி, தோட்டுக்கொட்டை, பருப்பு, கீழே பொறுக்கியது என்று ஐந்தாகப் பிரித்துத் தனித்தனிச் சாக்கில் கொண்டுபோங்கள். கலந்து கொண்டுபோனால் மட்டமானதன் விலைதான் முழுச்சரக்குக்கும்.